வெட்டிய இரும்பு வளராது

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குச்சட்டியோடு தெருமுனையில் நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். பொழுது சாயும்போது அதே ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். தார்ச்சாலை வரைக்கும் எந்த வண்டியும் போகும். அதற்கப்புறம் தோட்டத்துக்குள் இறங்கும் பாதை கல்லும் சேறும்தான். அங்கே ஜீப்பை விட்டால் வேறு கதியில்லை. ஒரு ஜீப்பின் இன்ஜின் படுத்துக்கொண்டால், அதை நம்பி நிற்கிற அத்தனை வீட்டுக்கும் அன்றைய கூலி இல்லை. ஜீப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க்காரர்கள் குரலில் ஒரு மரியாதை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்பாவிடமும் ஒரு ஜீப் இருந்தது. இன்றைக்கு என்னிடம் இருப்பதும் அதுதான். மகிந்திரா சிஜே3பி, பெட்ரோல் வண்டி. அரசு இலாகா ஒன்று கழித்துவிட்டதை 1970களின் கடைசியில் ஏலத்தில் எடுத்தார். 1984 கோடையில் அதன் இன்ஜினை எங்கள் வீட்டுக் கொட்டகையில் பிரித்துக் கட்டினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, அதே கொட்டகையில், அதே இன்ஜினை நான் பிரித்துக் கட்டினேன். இரண்டு வேலைக்கும் நடுவே என்னென்ன மாறியிருக்கிறது, எது மாறாமல் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இன்ஜினுக்கு ஒரு வம்சாவளி உண்டு. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்துக்கு 1938ல் வந்து சேர்ந்த பார்னி ரூஸ் என்ற பொறியாளர், அங்கே ஏற்கெனவே இருந்த நான்கு சிலிண்டர் இன்ஜினைக் குறை குறையாகச் சரிசெய்து, 48 குதிரைத்திறனிலிருந்து 60க்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது அதுதான். போருக்குப் பிறகு அதே பிளாக் அமைப்பை வைத்துக்கொண்டு, பெட்ரோல் கலவை உள்ளே வருகிற இன்லெட் வால்வை மட்டும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள். புகை வெளியே போகிற எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே தங்கியது. 'ஹரிகேன்' என்று பெயர் வைத்த அந்த இன்ஜினின் சக்தி 70 குதிரைத்திறனைத் தொட்டது. வால்வு மேலே போனதால் இன்ஜின் உயர்ந்துவிட்டது, பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. 1953ல் வந்த சிஜே3பிக்கு பானெட்டையே உயர்த்திக் கட்டினார்கள். அந்த உயர்ந்த மூக்கு ஜீப்பைத்தான் மகிந்திரா உரிமம் பெற்றுப் பல ஆண்டுகள் இந்தியாவில் தயாரித்தது. காவல் துறையிலும் வனத் துறையிலும் பொதுப்பணித் துறையிலும் நாம் பார்த்து வளர்ந்த ஜீப்புகளில் பல இதன் குடும்பம்.

சிலிண்டர் விட்டம் 3⅛ அங்குலம், ஸ்ட்ரோக் 4⅜ அங்குலம், மொத்தக் கொள்ளளவு 2.2 லிட்டர். விட்டத்தைவிட ஸ்ட்ரோக் இவ்வளவு நீளமாக இருப்பதால் பெரிய வேகம் வராது. ஆனால் இன்ஜின் மெதுவாக ஓடும்போதே நல்ல இழுவை கிடைக்கும். பாரத்தோடு மேடு ஏறுகிறவனுக்கு வேண்டியது அதுதான்.

1984ல் அந்த இழுவை போய்விட்டது. மேட்டில் மூன்றாவது கியரில் ஏறிய வண்டி இரண்டுக்கு வந்தது, இரண்டிலும் திணறியது. பின்னால் நீலப் புகை. பெட்ரோலோடு சேர்த்து ஆயிலும் ஊற்ற வேண்டியிருந்தது. மதுரைக்கு அனுப்பிக் கம்பெனி ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்க அப்பாவிடம் பணம் கிடையாது. பணம் இருந்தாலும் வண்டியை அவ்வளவு நாள் விட்டுவைக்க முடியாது. ஆடி, ஆவணி தொடங்கிவிட்டால் காய் பறிப்பு வந்துவிடும். சித்திரையில் வேலையை ஆரம்பித்து, தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். எங்கள் பகுதியில் வீட்டிலேயே இன்ஜின் கட்டியவர்கள் எல்லோரும் இப்படித் தேவைக்குக் கட்டியவர்கள். பொழுதுபோக்கு என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை.

வேலைக்கு வந்தவரை ஊரே மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். அப்பாவை அவர் 'முதலாளி' என்பார். அப்பா அவரை 'அண்ணே' என்பார். எனக்கு அப்போது பள்ளிக்கூட விடுமுறை. 'தம்பி, பதினாலு', 'தம்பி, அந்தப் பாக்ஸ் ஸ்பானர்' என்று கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பதும், கழற்றிய போல்ட்டுகளைக் கழுவி வைப்பதும் என் வேலை.

கொட்டகையின் உத்தரம் தாங்காது என்று மூன்று தேக்குக் கம்புகளை முக்காலியாக நட்டு, அதில் செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினை வெளியே எடுத்தார்கள். ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெயில் அம்மா வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பங்கும் பாகங்களைக் கழுவவே போய்விட்டது. அந்த மாதம் முழுக்க விறகடுப்புதான். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரியில் திறந்து கிடக்கும் சிலிண்டர்களுக்குள் தூசி விழக் கூடாது என்று அப்பாவின் பழைய வேட்டியைத் துவைத்துக் காயவைத்து, பிளாக்கின் மேல் அம்மாவே போர்த்திவிட்டு வருவார். இன்ஜின் வேலையில் முதல் எதிரி தூசி என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஹெட்டைக் கழற்றும் கட்டம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. சுற்றியுள்ள போல்ட் எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஆனாலும் ஹெட் அசையவில்லை. உதவிக்கு வந்த பையன் கடப்பாரையை எடுத்து நெம்பப் போனான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த துளையைக் காட்டி என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார். கலவை இறங்கும் அந்த வழிக்குள்ளே, கரி படிந்து, ஒரு போல்ட் தலை தெரிந்தது. ஹரிகேன் இன்ஜினில் இன்லெட் மேனிஃபோல்டும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. அதனால் ஹெட் போல்ட்டுகளில் ஒன்று கார்புரேட்டருக்கு அடியில் மறைந்து இருக்கும். தெரியாதவர்கள் நெம்பி ஹெட்டை உடைத்துவிடுவார்கள். புத்தகத்தில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. மேஸ்திரிக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்க ஆங்கிலம் தெரியாது. ஆனால் அதில் இருந்த விஷயம் முழுக்க அவர் கையில் இருந்தது.

அடுத்தது அளப்பது. சிலிண்டர் தேய்ந்திருக்கிறது என்று தெரியும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குரிய போர் கேஜ் மேஸ்திரியிடம் கிடையாது. அவர் ஒரு பிஸ்டன் ரிங்கை எடுத்து சிலிண்டருக்குள் விட்டார். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அந்த ரிங்கைச் சமமாகத் தள்ளினார். பிஸ்டன் போய்வரும் இடத்தின் மேல் பகுதியில் ரிங்கின் இரண்டு முனைக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தார். பிறகு ரிங்கைக் கீழே தள்ளி, பிஸ்டன் உரசாத இடத்தில் மறுபடி அளந்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் 'தவ்' என்பார்கள். மேலே இத்தனை தவ், கீழே இத்தனை தவ் என்று கரித்துண்டால் தரையில் எழுதினார். வித்தியாசத்தை மூன்றால் வகுத்தார். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்கும் கொஞ்சமும் என்பது கணக்கு. ஆகவே சுற்றளவில் வந்த வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்தது என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்திருந்த பையின் மதிப்பு முதல்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டதைக் கொட்டகைத் தரையில்தான் பார்த்தேன்.

தேய்மானத்தோடு, ஒரு சிலிண்டரில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கோடும் விழுந்திருந்தது. இந்த பிளாக்கில் லைனர் கிடையாது. வார்ப்பையே நேராகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட வேண்டும். 10, 20, 30, 40 தவ் என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. 40க்கு மேல் போகக் கூடாது என்பது கம்பெனிக் கணக்கு. 10ல் அந்தக் கோடு மறையாது, 20 வேண்டும் என்றார் மேஸ்திரி. 'எதுக்கும் இருக்கட்டும், 30 போட்டுருவோமா அண்ணே?' என்று அப்பா கேட்டார். அதற்கு மேஸ்திரி சொன்ன பதிலைத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

'வேண்டாம் முதலாளி. எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் வெட்டுவோம். வெட்டுன இரும்பு திரும்ப வளராது.'

தேனியில் ஒரு லேத் பட்டறையில் பிளாக்கைக் கடைந்தார்கள். கிராங்க் ஷாஃப்ட்டைக் கிரைண்ட் செய்ததும் அங்கேதான். அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் நடுத்தரமான ஊர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பட்டறை இருந்தது. பாகங்கள் வாங்க அப்பா மதுரைக்குப் பஸ் ஏறினார். அவர் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, மேலே அச்சடித்திருந்த முகவரிகளை வாசித்தது நினைவிருக்கிறது. ஜீப் பிறந்தது அமெரிக்காவில், வளர்ந்தது பம்பாயில். ஆனால் அதன் உள்ளுறுப்புகள் பலவும் நம் மாநிலத்தில் உருவானவை. இந்தியா பிஸ்டன்ஸ் 1949ல் சென்னை செம்பியத்தில் தொடங்கியது. ரானே குழுமம் 1959ல் வால்வுகள் செய்ய ஆரம்பித்தது. லூகாஸ் டிவிஎஸ் 1961ல் வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய பைமெட்டல் பேரிங்ஸ் கோவையில் பேரிங் செய்தது. தமிழ்நாட்டில் இன்று இவ்வளவு கார் ஆலைகள் வந்திருப்பதற்கு, முழு வண்டி செய்வதற்கு முன்பே இங்கே பாகங்கள் செய்யும் கை உருவாகியிருந்தது ஒரு முக்கியக் காரணம். என்னைப் போன்ற ஒரு பையனுக்கு அந்த வரலாறு முதலில் ஒரு பிஸ்டன் பெட்டியின் முகவரியாகத்தான் வந்து சேர்ந்தது.

திரும்பக் கட்டும்போது மேஸ்திரி பேச்சைக் குறைத்துவிடுவார். ஒவ்வொரு கனெக்டிங் ராடும் எந்த சிலிண்டருக்கு உரியது என்று எண்ணைப் பார்த்துப் பொருத்தினார். பேரிங்கின் இடைவெளியை, மெல்லிய பித்தளைத் தகட்டை வைத்து இறுக்கிக் கிராங்க்கைச் சுற்றிப் பார்த்து, கையில் படும் இறுக்கத்தால் கண்டுபிடித்தார். ஹெட் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் முறுக்காமல் சுற்றுச் சுற்றாக இறுக்கினார். கடைசியில் ஸ்பார்க் பிளக்குகளை மாட்டாமல் வைத்துவிட்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டு அப்பாவும் அவரும் மாறி மாறிச் சுற்றினார்கள். ஆயில் கேஜின் முள் அசைந்து மேலே வந்த பிறகுதான் பிளக்கை மாட்டவே விட்டார். ஆயில் ஏறாத பேரிங் ஒரு நிமிடம் ஓடினாலும் பட்ட பாடெல்லாம் வீண். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் அவர் முதலில் பார்த்தது புகைக்குழாயை. புகை இல்லை. அந்த ஆண்டு காய் பறிப்புக்கு ஜீப் மலை ஏறியது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஏறியது.

இனி இன்றைய கதை.

அப்பாவுக்கு வயதான பிறகு, ஏலத்தோட்டத்தில் அவருக்கு இருந்த பங்கு கைமாறியது, ஜீப் கொட்டகைக்குள் நின்றது. நான் வெளியூரில் ஆசிரியராக இருந்தேன். அதற்குள் எங்கள் பகுதியில் பெட்ரோல் ஜீப்பே அருகிவிட்டது. பெட்ரோல் விலை ஏற ஏற, ஹரிகேன் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். பிழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது நியாயமான முடிவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஓய்வு பெற்று நான் ஊருக்குத் திரும்பியபோது, எங்கள் ஜீப்பையும் எடைக்குக் கேட்டார்கள், டீசல் மாற்றித் தருகிறோம் என்றும் கேட்டார்கள். நான் இரண்டுக்கும் இசையவில்லை. முதலில் அளந்து பார்க்கலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் மெக்கானிக்கல் படித்தவள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்தோம். நல்லவேளை, பிடித்திருக்கவில்லை. ஆயில் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, ஓடவைத்த பிறகு கம்ப்ரெஷன் கேஜ் வைத்தோம். இந்த இன்ஜினுக்கு 120 முதல் 130 பவுண்டு வர வேண்டும். ஒன்றுகூட அந்த அளவைத் தொடவில்லை, மூன்றாவது சிலிண்டர் மற்றதைவிடக் கீழே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். அளவு நன்றாக ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் கசிவு ரிங்கிலும் சிலிண்டரிலும் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் இருக்கிறது. மனிதருக்கு ரத்தப் பரிசோதனை எப்படியோ, இன்ஜினுக்கு இந்தச் சோதனை அப்படி. இதைச் செய்யாமல் யாராவது இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஹெட்டை எடுத்தபோது பிஸ்டன் தலையில் கரி மூடியிருந்தது. மகள் அதைத் துணியால் துடைக்கத் துடைக்க, அடியில் 020 என்று அச்சு தெரிந்தது. மேஸ்திரியும் அப்பாவும் 1984ல் எடுத்த முடிவு அங்கே எழுதியிருந்தது. அப்பா கேட்டபடி அன்றைக்கே 30 போட்டிருந்தால் இப்போது எங்களுக்கு மிச்சம் இருப்பது கடைசி அளவு மட்டும்தான்.

இப்போது அளப்பதற்குக் கருவிகள் கையில் இருக்கின்றன. ஒரு சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்கே போர் கேஜும் மைக்ரோமீட்டரும் கிடைக்கின்றன. அன்று ஊரில் ஒரு பெரிய பட்டறையில்கூட இவை இல்லை. மகள் போர் கேஜால் அளந்து எழுதினாள். நான் மேஸ்திரியின் முறைப்படி ரிங்கைத் தள்ளி ஃபீலரால் அளந்தேன். மோசமான சிலிண்டரில் மேலே 24 தவ், கீழே 12. வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் 4. போர் கேஜும் நான்கை ஒட்டித்தான் காட்டியது. 'அப்பா, ரெண்டும் ஒண்ணாதான் வருது' என்று மகள் சொன்னபோது, உயிரோடு இல்லாத ஒரு மனிதரின் கணக்கு சரிபார்க்கப்பட்ட நிம்மதி எனக்கு. கோடு எதுவும் விழவில்லை. 30 போதும் என்று முடிவு செய்தோம்.

ஆனால் அந்த 10 தவ்வை வெட்டித் தர ஆள் தேடியபோதுதான் இன்றைய நிலை புரிந்தது. அப்பா காலத்தில் வேலை பார்த்த பட்டறை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை. போரிங் மிஷின் இருக்கும் இடத்தில் ஆள் இல்லை, ஆள் இருக்கும் இடத்தில் மிஷின் விற்றாகிவிட்டது. இன்றைய வண்டிகளில் பிளாக்கைக் கடைவது குறைந்துவிட்டதால் அந்த வேலைக்கு வரும் இளைஞர்களும் குறைந்துவிட்டார்கள். கடைசியில் வேறு மாவட்டத்தில் வயதான ஒருவர் ஒப்புக்கொண்டார். பிஸ்டனைக் கையில் கொடுத்த பிறகுதான் வெட்டுவேன் என்றார், பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்ப மாட்டார். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதனதன் மேல் எண் போட்டு, அந்தந்த சிலிண்டரை அதற்கேற்பக் கடைந்து ஹோனிங் செய்து கொடுத்தார். அவரிடம் இதைக் கற்றுக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார்.

பாகங்கள் கிடைக்கும் விதமும் தலைகீழாக மாறியிருக்கிறது. அன்று மதுரையில் இல்லாவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ ஆள் போக வேண்டும். இன்று பழைய ஜீப்புகளைப் பிரித்துக் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட பஞ்சாபுப் பகுதி ஊர்களிலிருந்தும் டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்தும் கூரியரில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆனால் தரத்தை நாம்தான் பார்க்க வேண்டும். வந்த பாகம் எதையும் அளக்காமல் உள்ளே போடவில்லை. ஒரு ரிங் செட்டை சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்து, இடைவெளி அளவுக்கு மீறி இருந்ததால் திருப்பி அனுப்பினோம். அன்று சரக்கு கிடைப்பதே பாடு, கிடைத்தால் நம்பலாம். இன்று சரக்கு வந்து குவிகிறது, நம்புவதற்கு மைக்ரோமீட்டர் வேண்டியிருக்கிறது.

பெட்ரோலும் அன்றைய பெட்ரோல் இல்லை. அன்று பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் தேயாமல் அது காப்பாற்றும். மனிதர்களின் மூளைக்கும் ரத்தத்துக்கும் அது கேடு என்பதால் 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். அது சரியான முடிவு. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய பெட்ரோல் பம்ப்பின் ரப்பர் டயாஃப்ரமும் ஹோஸும் எத்தனாலுக்குத் தாங்காது, வண்டி நின்றால் அது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே பம்ப் கிட், ஹோஸ் எல்லாம் எத்தனாலுக்குத் தாங்குகிற ரப்பரில் மாற்றினோம். எக்ஸாஸ்ட் சீட்டுகளையும் கடினமான உலோகத்தில் புதிதாகப் போட்டோம்.

வால்வு லேப்பிங் முழுக்க மகள் செய்தாள். வால்வின் ஓரத்தில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் பிடி வைத்த கோலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்ட வேண்டும். கொஞ்சம் உருட்டி, தூக்கி, இடம் மாற்றி வைத்து, மறுபடி உருட்ட வேண்டும். முதலில் மணலை அரைப்பதுபோலக் கரகரவென்று கேட்கும். போகப் போக அந்தச் சத்தம் மெலிந்து வழுவழுப்பாகும். அப்போது எடுத்துத் துடைத்தால் வால்விலும் சீட்டிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று சுற்றிலும் அறுபடாமல் தெரிய வேண்டும். வால்வு முகத்தில் குறுக்காகப் பென்சில் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து ஒரு சின்னத் திருப்பு திருப்பினால் எல்லாக் கோடும் அழிய வேண்டும். அழியாத கோடு இருக்கும் இடத்தில் கசிவு இருக்கிறது. எல்லாக் கோடும் அழியும்வரை அவள் விடவில்லை. 1984ல் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரையும் கொட்டகைக்குள் கூப்பிட்டு ஸ்பானர் கொடுத்ததில்லை. அம்மாவுக்கு இருந்த கவனத்தையும் பொறுமையையும் நினைத்தால், அன்று இழந்தது என்ன என்று இப்போது தெரிகிறது.

ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து 60 முதல் 70 அடி-பவுண்டுக்குள் இறுக்கினோம். வரிசை மேஸ்திரி காட்டிய அதே வரிசை. எக்ஸாஸ்ட் டாப்பெட் 16 தவ், இன்லெட் 18 தவ். பிளக் இல்லாமல் ஹேண்டில் போட்டு ஆயில் கேஜின் முள் ஏறும்வரை இரண்டு பேரும் மாறி மாறிச் சுற்றினோம். 1-3-4-2 என்ற வரிசையில் பிளக் வயர்களை மாட்டி, மகள் சாவியைத் திருப்பினாள். பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் ஓடியபின் கம்ப்ரெஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டரும் புத்தக அளவுக்குள் வந்துவிட்டன.

சட்டத்தின் பக்கமும் சொல்ல வேண்டும். 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டியை எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. 2023 ஏப்ரலிலிருந்து, 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளைக் கழித்துவிடுகிறார்கள். பழைய வண்டி அதிகம் புகை விடும் என்பது பொதுவாக உண்மைதான். தினமும் நகரத்தில் ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளுக்கு அந்த விதி வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். வயதைப் பார்ப்பதோடு, புகையையும் அளந்து முடிவு செய்யுங்கள். சரியாகக் கட்டிய இன்ஜின் அந்த அளவையில் தேறும், தேறாததை நிறுத்துங்கள். ஒரு வண்டியை இரும்பாக உருக்கிப் புதிதாக இன்னொன்று செய்வதற்கும் சுரங்கமும் உலையும் மின்சாரமும் வேண்டியிருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அன்றைக்கு இன்ஜினைப் பிரிக்காமல் ஓட்ட முடியாதா என்று ஏங்கினோம். இன்றைய வண்டிகள் அந்த ஏக்கத்தைத் தீர்த்துவிட்டன. பல ஆண்டு பிரிக்காமல் ஓடுகின்றன, குறைவாகக் குடிக்கின்றன, குறைவாகப் புகைவிடுகின்றன. அதை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் ஒரு நாள் அவையும் நிற்கும். அப்போது சொந்தக்காரர் ஒரு ஸ்பானரோடு கிட்டே போக வழியில்லை. சென்சாரைக் கேட்கக் கம்பெனியின் கருவி வேண்டும், பாகத்தை மாற்றக் கம்பெனியின் அனுமதி வேண்டும். சின்னப் பழுதுக்கு மொத்தமாக ஒரு பகுதியையே மாற்றச் சொல்வார்கள். மேஸ்திரி கரித்துண்டால் தரையில் போட்ட கணக்குக்கு அந்த இன்ஜினில் இடமில்லை. சொந்தக்காரர் திறந்து பார்க்கக்கூடிய இயந்திரத்தைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு வேண்டும். பழுது பார்க்கும் புத்தகமும் பாகமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். இது பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் ஆசை என்று ஒதுக்க முடியாது. டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிக்கும் ஆட்டோ ஓட்டும் தம்பிக்கும் இது பிழைப்பு.

வீட்டில் பழைய ஜீப் நிற்கிறவர்களுக்கு என் வேண்டுகோள். எடைக்குப் போடுவதற்கு முன், டீசல் மாற்றுவதற்கு முன், ஒரு கம்ப்ரெஷன் கேஜ் வாங்கி, ஆயில் விடாமலும் விட்டும் பாருங்கள். ஹெட்டை எடுத்து பிஸ்டன் தலையில் எந்த அளவு அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். 40 தவ்வும் முடிந்துபோன பிளாக்கைக்கூட ஸ்லீவ் அடித்துக் காப்பாற்ற வழி உண்டு. உங்கள் ஊரில் போரிங் மிஷினோடு ஒரு லேத் பட்டறை இன்னும் இருந்தால், அங்கே உள்ள பெரியவரைப் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பிளாக்கில் இன்னும் 10 தவ் பாக்கி இருக்கிறது. அதை வெட்டும் நாள் வரும்போது வெட்டத் தெரிந்த ஒரு கை வேண்டும். அந்தக் கையை இப்போதே பழக்க வேண்டும்.